பாலக்கோடு ப்ரவுசிங் சென்டர்ல ஆறு ஞாயித்துக்கிழமை: கமாண்ட் லைன் கத்துக்கிட்ட ரெண்டு பேரோட முழு ரிப்போர்ட்

போன மே மாசக் கடைசில ஆரம்பிச்சு ஜூலை ஆரம்பம் வரைக்கும் ஆறு ஞாயித்துக்கிழமை, பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்து போற தூரத்துல ஒரு ப்ரவுசிங் சென்டர், அங்க ரெண்டு பேருக்கு கமாண்ட் ப்ராம்ப்ட்ல, அதாவது மவுஸ், பட்டன் இல்லாம டைப் பண்ணியே வேலை வாங்கற விண்டோல, சாஃப்ட்வேர் ஓட்ட சொல்லிக் குடுத்தேன். ஒருத்தங்க கடைய நடத்தற அக்கா, 12 வருஷமா ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன், லேமினேஷன்னு அதே தொழில்தான். இன்னொன்னு அங்க வேலை செய்யற பொண்ணு, ப்ளஸ் டூல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துப் படிச்சது. நான் ஓசூர்ல சிஸ்டம் சப்போர்ட் வேலை பாக்கறேன், ஞாயித்துக்கிழமை காலைல ராயக்கோட்டை வழியா பஸ் ஏறி வந்துருவேன். என்ன நடந்துச்சு, எங்க தப்பாச்சு, எங்க புடிபட்டுச்சுன்னு அப்பப்ப நோட்டுல எழுதி வெச்சிருந்தேன், அதத்தான் இங்க ஒழுங்குபடுத்திப் போடறேன். ஏன்னா சொல்லிக் குடுக்கறவங்க நெறைய பேரு நான் பண்ணுன அதே தப்பத்தான் பண்றாங்க: கமாண்டை கையில குடுத்துடறோம், அதுக்கு வர்ற பதிலப் படிக்கறதுக்கு யாருமே சொல்லிக் குடுக்கறதில்ல.

எதுக்கு இந்த வேலை

அட்மிஷன் சீசன்ல அந்தக் கடைல கூட்டம் தெருவு வரைக்கும் நிக்கும். ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் போட்டோ இத்தன கேபிக்குள்ள இருக்கணும், கையெழுத்து இத்தன கேபிக்குள்ள இருக்கணும்னு ஒரு கணக்கு. அக்கா ஒவ்வொரு போட்டோவையும் ஏதோ ஒரு வெப்சைட்ல ஏத்தி, சின்னதாக்கி, திரும்ப டவுன்லோட் பண்ணிட்டு இருந்தாங்க. அந்த வாரம் ஒரு ஸ்கூல்ல இருந்து பென்டிரைவ்ல 180 பசங்க போட்டோ வந்துச்சு, எல்லாத்தையும் 50 கேபிக்குள்ள பண்ணித் தரணும். நெட்டு விட்டு விட்டு வருது. ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்தும் பாதி முடியல.

எனக்கு அதவிட உறுத்துனது வேற. போட்டோ மட்டுமில்ல, ஜாதி சர்டிஃபிகேட், ஆதார் கார்டு, மார்க் ஷீட்டு, எல்லாமே அதே மாதிரி பேரு தெரியாத சைட்டுங்கள்ல ஏறிட்டு இருந்துச்சு. நம்மள நம்பி ஒருத்தரு காயிதத்த குடுத்துட்டுப் போறாரு, அது எந்த நாட்டு சர்வர்ல போய் உக்காருதுன்னு நமக்கே தெரியாது. இதுக்கு நெட்டே வேணாம், கம்ப்யூட்டர்லயே ஓடற இமேஜ்மேஜிக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, 1990ல இருந்து இருக்கு, ஒரே வரியில 180 போட்டோவையும் சின்னதாக்கிடும்னு அக்காகிட்ட சொன்னேன். "அப்ப ஏன் தம்பி இத்தன நாளு யாரும் சொல்லல"ன்னு கேட்டாங்க. அது பட்டன் வெச்ச சாஃப்ட்வேர் இல்லக்கா, டைப் பண்ணி ஓட்டறதுன்னேன். "டைப் பண்ணத்தான நமக்குத் தெரியும்"னாங்க. சரின்னு ஆரம்பிச்சோம்.

மொத வாரம்

இன்ஸ்டால் பண்ணி முடிச்சதும் நான் டீ குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்தா பொண்ணு சொல்லுது, "அண்ணா, வந்து வந்து மறைஞ்சு போவுது." போய்ப் பாத்தா அந்த எக்ஸ்இ ஃபைல டபுள் கிளிக் பண்ணிட்டே இருக்கு, கருப்பா ஒரு விண்டோ கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள வந்து போயிடுது. சாஃப்ட்வேர் கெட்டுப் போச்சுன்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டாங்க, அக்கா வைரஸான்னு வேற பயந்துட்டாங்க. ஒன்னும் கெடல. டைப் பண்ணி ஓட்டற புரோகிராம வெறும் கிளிக் பண்ணா அது எந்திரிக்கும், நமக்கு என்ன வேலைன்னு பாக்கும், வேலை ஒன்னும் குடுக்கலன்னு தெரிஞ்சதும் முடிச்சுட்டுப் போயிடும், அது போனா விண்டோவும் கூடவே போயிடும். அதனால மொதல்ல கமாண்ட் ப்ராம்ப்ட திறந்து வெச்சுக்கிட்டு அதுக்குள்ள இருந்துதான் கூப்புடணும்.

கூப்டோம். "இஸ் நாட் ரெக்கக்னைஸ்ட் ஆஸ் ஆன் இன்டர்னல் ஆர் எக்ஸ்டர்னல் கமாண்ட்"னு வந்துச்சு. அந்த விண்டோவ இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடியே தெறந்து வெச்சிருந்தேன், காரணம் அவ்வளவுதான். ஒரு பேர அடிச்சா விண்டோஸ் அத எந்தெந்த ஃபோல்டர்ல தேடணும்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுக்குப் பேரு பாத். இன்ஸ்டால் பண்ணும்போது இமேஜ்மேஜிக் தன்னோட ஃபோல்டர அந்தப் பட்டியல்ல சேத்துடும், ஆனா முன்னாடியே தெறந்த விண்டோகிட்ட பழைய பட்டியல்தான் இருக்கும். மூடிட்டு புதுசா தெறந்தா சரியாயிடும். நான் விளக்கம் ஒன்னும் சொல்லாம சட்டுன்னு மூடித் தெறந்து காட்டிட்டேன். அவங்க ரெண்டு பேரும் அதுல இருந்து எடுத்துக்கிட்டது என்னன்னா, எர்ரர் வந்தா மூடிட்டுத் தெறக்கணும். அடுத்த ரெண்டு வாரம் எந்த எர்ரர் வந்தாலும் அதத்தான் செஞ்சாங்க.

அப்பறம் டி டிரைவ். போட்டோ எல்லாம் டி டிரைவ்ல இருக்கு. சிடிங்கறது ஃபோல்டர் மாறற கமாண்டு, அதப் போட்டு டி டிரைவ் ஃபோல்டர் பேரு அடின்னேன், அடிச்சுது, என்டர் தட்டுச்சு, எர்ரர் எதுவும் வரல. எர்ரர் வரலன்னா போயிட்டோம்னு அர்த்தம்னு அது நெனைச்சுக்கிச்சு, நானும் ஸ்க்ரீன கவனிக்கல. ஆனா ப்ராம்ப்ட்ல, அதாவது நாம டைப் பண்ற எடத்துக்கு முன்னாடி தெரியற எழுத்துல, இன்னும் சி டிரைவ்தான் நிக்குது. விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்ல சிடி மட்டும் போட்டா டிரைவ் மாறாது, ஒவ்வொரு டிரைவுக்கும் தனித்தனியா ஒரு 'இப்ப நிக்கற எடம்' இருக்கும். விண்டோஸுக்கு முன்னாடி இருந்த டாஸ் காலத்துப் பழக்கம் இது, 1983ல எம்எஸ்-டாஸ் 2.0 வந்தப்பதான் ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர்ங்கற ஏற்பாடே வந்துச்சு, ஒவ்வொரு ஃப்ளாப்பிக்கும் ஒரு எடம்னு ஞாபகம் வெச்சுக்கும், அதே வழக்கம் இன்னைக்கு வரைக்கும் ஓடுது. டிரைவ் மாறணும்னா டி போட்டு கோலன் வெச்சு என்டர் தட்டணும், இல்ல சிடிக்குப் பின்னாடி சாய்கோடு டி சேக்கணும். இது தெரியாம முக்கா மணி நேரம் 'ஃபைல் இல்ல, ஃபைல் இல்ல'ன்னே பதில் வந்துட்டு இருந்துச்சு, கண்ணு முன்னாடி எக்ஸ்ப்ளோரர்ல ஃபைல் இருக்கு. பொண்ணு அழற மாதிரி ஆயிடுச்சு. "எனக்கு இது வராதுண்ணா"ன்னு சொல்லுச்சு. அந்த வார்த்தை எனக்கு ரொம்ப நாளைக்கு மனசுல நின்னுச்சு, ஏன்னா அது எதையும் தப்பா அடிக்கவே இல்ல.

வாட்ஸ்அப்ல அனுப்புன கமாண்டு

வாரத்துல நடுவுல அவங்களுக்கு உதவியா இருக்கட்டும்னு கமாண்ட வாட்ஸ்அப்ல அனுப்பினேன், அப்படியே காப்பி பண்ணிப் போடுங்கன்னு. ஃபோல்டர் பேருல நடுவுல ஸ்பேஸ் இருந்ததால டபுள் கோட்ஸ் போட்டிருந்தேன். நான் ஐபோன்ல டைப் பண்ணது, அது நேரா இருக்கற கோட்ஸ அச்சுல வர்ற மாதிரி வளைஞ்ச கோட்ஸா தானாவே மாத்திடும். கண்ணுக்கு ரெண்டும் ஒன்னு மாதிரிதான் தெரியும், கமாண்ட் ப்ராம்ப்டுக்கு வளைஞ்சது கோட்ஸே இல்ல, அதுவும் ஒரு எழுத்து. புதன்கிழமை முழுக்க அவங்க போராடியிருக்காங்க. அதுல இருந்து கமாண்ட மெசேஜ்ல அனுப்பறத நிறுத்திட்டேன், நோட்டுல கையால எழுதிக்கச் சொன்னேன். கையால எழுதும்போது எங்க ஸ்பேஸ் விடணும்னு அவங்களே கேக்க ஆரம்பிச்சாங்க, அந்தக் கேள்விதான் பின்னாடி பெரிய வேலை செஞ்சுது.

கன்வர்ட் வந்த கதை

மூணாவது வாரம் நான் போறதுக்கு முன்னாடியே பொண்ணு யூட்யூப்ல ஒரு பழைய வீடியோ பாத்து, அதுல சொன்ன மாதிரி கன்வர்ட்னு அடிச்சு போட்டோ பேரும் ரீசைஸும் போட்டிருக்கு. "இன்வாலிட் பாராமீட்டர்"னு வந்துருக்கு. இமேஜ்மேஜிக்கோட பழைய பதிப்புங்கள்ல கன்வர்ட்ங்கறதுதான் முக்கியமான கமாண்டு, அது உண்மை. ஆனா விண்டோஸ்லயும் அதே பேருல சொந்தமா ஒரு புரோகிராம் இருக்கு, டிரைவ்ல ஃபைலுங்கள அடுக்கி வெக்கற முறைய ஃபேட்ல இருந்து என்டிஎஃப்எஸ்ஸா மாத்தறது அதோட வேலை. சிஸ்டம்32 ஃபோல்டர்ல உக்காந்திருக்கு. இப்பத்திய ஏழாவது பதிப்ப இன்ஸ்டால் பண்ணா பழைய கன்வர்ட் தானா வராது, அதுக்குன்னு தனியா டிக் போடணும், நாங்க போடல. அதனால கூப்டதும் திரும்பிப் பாத்தது விண்டோஸோட கன்வர்ட். இப்ப மேஜிக்ங்கற ஒரே பேருல எல்லா வேலையும் நடக்குது, அதனால இந்தப் பேரு மோதல் வர்றதில்ல.

டிரைவ மாத்தற புரோகிராம்னு சொன்னதும் அக்கா முகம் வெளுத்துப் போச்சு, "கடை கணக்கு பூரா அதுலதான் தம்பி இருக்கு"ன்னாங்க. அதுக்கு வேண்டிய டிரைவ் பேரையும் எதா மாத்தணுங்கறதையும் நீங்க குடுக்கல, அதனால அது புரியலன்னு சொல்லிட்டு நின்னுடுச்சு, ஒன்னும் ஆகலன்னு விளக்குனேன். இந்த எடத்துலதான் நான் மொத மொதலா ஒழுங்கா சொல்லிக் குடுத்தேன்னு நெனைக்கறேன். சந்தையில போய் "முனியப்பா"ன்னு ஒரு சத்தம் போட்டா நம்ம தர்மபுரி பக்கம் எத்தன பேரு திரும்புவாங்க? மொதல்ல திரும்பறவரு பக்கத்துல நிக்கறவருதான், நமக்கு வேண்டியவரு அந்தக் கோடில தக்காளிக் கூடைய எறக்கிட்டு இருப்பாரு. விண்டோஸும் பாத் பட்டியல வரிசையாப் பாக்குது, அந்தப் பேருல யாரு மொதல்ல வர்றாங்களோ அவங்களோட சரி. வேர்னு, அதாவது இங்கிலீஷ்ல 'எங்க'ன்னு, அடிச்சு பேரப் போட்டா அந்தப் பேருல எத்தன பேரு எங்கெங்க இருக்காங்கன்னு வரிசையா காட்டும். அக்கா வேர் கன்வர்ட்னு அவங்களே அடிச்சுப் பாத்தாங்க, சிஸ்டம்32னு வந்ததும் "இவருதானா அது"ன்னு சொல்லி நோட்டுல எழுதிக்கிட்டாங்க.

என் தப்பு

இத எழுதாம விட்டா இந்த ரிப்போர்ட்டுக்கு அர்த்தமில்ல. அதே மூணாவது வாரம் சாயங்காலம், எல்லா போட்டோவையும் ஒரே தடவைல பண்ண மோக்ரிஃபைங்கற கமாண்ட குடுத்தேன். அது வேலைய புது ஃபைல்ல பண்ணாது, அதே ஃபைல் மேலயே எழுதிடும். தனி ஃபோல்டர்ல போடணும்னா பாத்னு ஒரு ஆப்ஷன் (மொத வாரம் சொன்ன அந்தப் பட்டியல் இல்ல, பேரு மட்டும்தான் ஒன்னு) சேத்து ஃபோல்டர் பேரும் குடுக்கணும், அந்த ஃபோல்டரையும் முன்னாடியே உண்டாக்கி வெச்சிருக்கணும். எனக்குத் தெரியும், அவசரத்துல சொல்லாம விட்டுட்டேன். திங்கக்கிழமை வாடிக்கையாளருங்க போட்டோ இருந்த ஃபோல்டர்ல அவங்க அதே வரிய ஓட்டியிருக்காங்க, ஒரு நொடில எல்லா ஒரிஜினலும் சின்னதாயிடுச்சு. பெருசா பிரின்ட் போட வெச்சிருந்த போட்டோவும் அதுல. இங்க கன்ட்ரோல் இசட் கெடையாது, ரீசைக்கிள் பின்லயும் எதுவும் இருக்காது. பாதிக்கு மேல பென்டிரைவ்ல இருந்தும் ஃபோன்ல வந்த மெசேஜ்ல இருந்தும் திரும்ப எடுத்துட்டாங்க, மிச்சம் இருந்தவங்கள அக்கா ஒவ்வொருத்தரா ஃபோன் பண்ணிக் கூப்ட்டு திரும்ப போட்டோ எடுத்தாங்க, காசு வாங்காம.

அக்கா என்ன ஒரு வார்த்தை திட்டல. "அது சொன்னதத்தான தம்பி செஞ்சுது"ன்னு மட்டும் சொன்னாங்க. அன்னைல இருந்து மொத வேலை எப்பவும் ஃபோல்டர முழுசா காப்பி எடுக்கறது, காப்பிலதான் ஓட்டறது. மொதல் நாளே இதச் சொல்லியிருக்கணும். புதுசா கத்துக்கறவங்களுக்கு ஒரு கமாண்டு குடுக்கும்போது அது எத அழிக்கும்ங்கறத அது என்ன செய்யும்ங்கறதுக்கு முன்னாடியே சொல்லணும்.

பதினாலாவது பாடம்

நாலாவது வாரம் நடந்ததுதான் இந்த மொத்தக் கதைலயும் எனக்குப் பெருசு.

தமிழ்நாடு ப்ளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புக்குல 14வது பாடம், சி ப்ளஸ் ப்ளஸ்ங்கற மொழில எழுதுன புரோகிராம பைத்தான்ங்கற இன்னொரு மொழி வழியா ஓட்டறது. லேப்ல கமாண்ட் ப்ராம்ப்ட தெறந்து பைத்தான்னு அடிச்சு, பைத்தான் ஃபைல் பேரு, ஒரு ஹைஃபன் ஐ, அப்பறம் சி ப்ளஸ் ப்ளஸ் ஃபைல் பேரு, இப்படி அடிக்கணும். அதாவது இந்தப் பொண்ணு ஏற்கனவே கமாண்ட் லைன் ஓட்டியிருக்கு, ப்ராக்டிகல்ல மார்க்கும் வாங்கியிருக்கு. ஆனா மூணு வாரமா அது ஞாபகத்துக்கே வரல, ஏன்னா அங்க அது ஒரு மந்திரம் மாதிரி மனப்பாடம். அந்த ஹைஃபன் ஐ எதுக்குன்னு கேட்டேன். "அது அப்படித்தாண்ணா அடிக்கணும், மிஸ் சொன்னாங்க."

நோட்டுல ரெண்டு வரிய மேல கீழ எழுதச் சொன்னேன். மேல அந்த பைத்தான் வரி. கீழ மேஜிக், போட்டோ பேரு, ஹைஃபன் ரீசைஸ், 600, புதுப் பேரு. ரெண்டுலயும் ஸ்பேஸ் வர்ற எடத்துல எல்லாம் ஒரு கோடு கிழின்னேன். கிழிச்சுது. கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்துச்சு, அப்பறம் சொல்லுச்சு, "அண்ணா, ஹைஃபன் போட்டது எல்லாம் எப்படி செய்யணும்ங்கறது, ஹைஃபன் போடாதது எல்லாம் எத செய்யணும்ங்கறது. அப்ப ஐன்னா இன்புட்டா?" ஆமாம்மான்னேன். அதே பாடத்துல சிஸ் ஆர்க்வின்னு ஒன்னு வரும், நாம டைப் பண்ண வார்த்தைங்கள ஸ்பேஸ் ஸ்பேஸா வெட்டி பைத்தான் ஒரு லிஸ்ட்ல வாங்கிக்கறது, பூஜ்யமாவது எடத்துல புரோகிராமோட பேரே இருக்கும். அத ரெண்டு மார்க் கேள்வியா படிச்சிருக்கு. இப்ப அதுவே எந்திரிச்சு சிஸ்டம் முன்னாடி உக்காந்து, சிஸ் ஆர்க்விய பிரின்ட் பண்ற ரெண்டு வரி பைத்தான் எழுதி, அதுக்குப் பின்னாடி ஸ்பேஸ் இருக்கற ஃபோல்டர் பேர கோட்ஸ் இல்லாம குடுத்துப் பாத்துச்சு, ரெண்டு துண்டா வந்துச்சு. கோட்ஸோட குடுத்துச்சு, ஒரே துண்டா வந்துச்சு. மொபைல்ல வந்திருந்த அந்த வளைஞ்ச கோட்ஸ தேடி எடுத்துப் போட்டுப் பாத்துச்சு, திரும்ப ரெண்டு துண்டு, துண்டோட ஓரத்துல வளைஞ்ச கோட்ஸும் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. "புதன்கிழமை இதுக்குத்தான் அண்ணா வரல."

நான் அதுக்கு மேல பேசல. மூணு வாரமா நான் விளக்கி விளக்கிப் புரியாதது, அதுவே செஞ்சு பாத்ததும் பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. எல்லா கமாண்டும் ஒரு வாக்கியம், மொத வார்த்தை யாரக் கூப்புடறோம், மிச்சம் அவங்ககிட்ட என்ன குடுக்கறோம், எங்க நின்னுக்கிட்டு கூப்புடறோம்ங்கறது ப்ராம்ப்ட்ல எழுதியிருக்கு. நூறு கமாண்டு தெரியறத விட இந்த ஒன்னு தெரியறது மேல். அந்த பாடத்த நம்ம பக்கம் எத்தன ஸ்கூல்ல எத்தன பசங்க வருஷா வருஷம் மனப்பாடம் பண்றாங்க, ஒரு தடவ அந்த லிஸ்ட பிரின்ட் பண்ணிக் காட்டிட்டா போதுமே.

மிச்ச ரெண்டு வாரம்

இதுக்கப்பறம் வேகமாப் போச்சு. டேப் அழுத்துனா ஃபைல் பேரு தானா முழுசாகும், மேல் அம்புக்குறி அழுத்துனா பழைய வரி திரும்ப வரும், கன்ட்ரோல் சி இங்க ஓடறத நிறுத்தும், இதெல்லாம் கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டாங்க. போட்டோ 50 கேபிய தாண்டாம இருக்க டிஃபைன்ல ஜேபெக் எக்ஸ்டென்ட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அளவ நம்ம சொன்னா அதுக்குள்ள அடக்கிக் குடுத்துடும். 180 போட்டோவும் முடிய ஒரு நிமிஷம்கூட ஆகல, பொண்ணு திரும்பத் திரும்ப ஃபோல்டரத் தெறந்து பாத்துட்டே இருந்துச்சு.

தினமும் டைப் பண்ண வேணாம்னு ஒரு பேட்ச் ஃபைல், அதாவது கமாண்டுங்கள எழுதி வெச்சு ஒரே தடவைல ஓட்டற ஃபைல், போட்டோம். நோட்பேட்ல சேவ் பண்ணதும் அது ஃபைல் பேருக்குப் பின்னாடி டிஎக்ஸ்டிய ஒட்டிடுச்சு, அந்தக் கடைசி ஒட்டு, எக்ஸ்டென்ஷன், மறைஞ்சிருக்கறதால வெளிய தெரியல. இத அக்காதான் கண்டுபுடிச்சாங்க, ஃபோல்டர்ல இருக்கற ஃபைலுங்கள வரிசையா காட்டற டிர் கமாண்ட போட்டுப் பாத்து. எக்ஸ்ப்ளோரர் மறைக்கறத டிர் மறைக்காதுன்னு யாரும் அவங்களுக்கு சொல்லல. தமிழ்ல பேரு வெச்ச ஃபைலுங்க அந்தக் கருப்பு ஸ்க்ரீன்ல கட்டம் கட்டமாத்தான் தெரியுது, அது மட்டும் எனக்கு வருத்தம், அதுக்காக பேருங்கள இங்கிலீஷுக்கு மாத்த வேண்டியதாப் போச்சு.

அக்காவ பத்தி ஒன்னு சொல்லணும். அவங்களுக்கு இங்கிலீஷ் தட்டுத் தடுமாறித்தான் வரும், ஆனா ரெண்டு பேருல எர்ரர மொதல்ல எழுத்துக்கூட்டி முழுசாப் படிச்சது அவங்கதான். "அப்ளிகேஷன் ரிஜெக்ட் ஆனா காரணம் போட்டு வரும்ல தம்பி, அதப் படிச்சாத்தான திருத்த முடியும்"னாங்க. 12 வருஷமா மத்தவங்களுக்காக அந்தக் காரணங்களப் படிச்சுப் படிச்சு வந்த பழக்கம். ஒரு எர்ரர் வந்தா சத்தமாப் படிக்கணும், அதுல நாம டைப் பண்ணுன வார்த்தை எது, அதுவா சொல்ற வார்த்தை எதுன்னு பிரிக்கணும்ங்கறத அஞ்சாவது வாரத்துல இருந்து கடையோட வழக்கமாவே ஆக்கிட்டாங்க.

ஜூலை மாசம் நான் போறத நிறுத்தி ஒரு பத்து நாளு இருக்கும், ராத்திரி ஒம்போது மணிக்கு பொண்ணுகிட்ட இருந்து மெசேஜ். முன்னாடி எல்லாம் "அண்ணா வரல"ன்னு ரெண்டு வார்த்தையும் ஒரு அழுவற பொம்மையும்தான் வரும். இந்தத் தடவ ஸ்க்ரீன்ஷாட்டு, ப்ராம்ப்டுல இருந்து கடைசி வரி வரைக்கும் முழுசா, கீழ இப்படி எழுதியிருந்துச்சு: "அண்ணா, ஒரு சர்டிஃபிகேட் பிடிஎஃப்ப ஜேபெக்கா மாத்தலாம்னு பாத்தேன். காப்பிலதான் ஓட்டுனேன். டி டிரைவ்லதான் நிக்கறேன், ஃபைலும் இருக்கு, டிர் போட்டுப் பாத்துட்டேன். நான் மேஜிக்கத்தான் கூப்டேன், ஆனா எர்ரர்ல ஜிஎஸ்வின்64சின்னு வேற ஒரு பேரு வருது, அத நான் டைப் பண்ணவே இல்ல. வேர் போட்டேன், அப்படி யாரும் இல்லங்குது. மேஜிக் பிடிஎஃப்ப திறக்க இன்னொருத்தர கூப்புடுதாண்ணா, அவரு நம்ம சிஸ்டத்துல இல்லையா?"

ஆமாம்மா, அவரு பேரு கோஸ்ட்ஸ்கிரிப்ட்னு அனுப்பினேன். "டவுன்லோட் ஆயிட்டு இருக்குண்ணா, முடிஞ்சதும் புது விண்டோ தெறந்துக்கறேன்"னு வந்துச்சு.